இரண்டு மொழி, பல சான்று: ஒட்டாவா நாட்குறிப்பு

2025 மார்ச் 21, வெள்ளி

இன்றைக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது கனடாவில் நிரந்தரமாகக் குடியேறப் புள்ளி பார்த்து ஆளெடுக்கும் முறையில், பிரெஞ்சுப் பிரிவுக்கு டிரா. 7,500 பேருக்கு விண்ணப்பிக்க அழைப்பு, கடைசி ஆளின் மதிப்பெண் 379. போன மாதம் 5ஆம் தேதி கனடா அனுபவப் பிரிவுக்கு நடந்தது 521-இல் நின்றது. இரண்டுக்கும் நடுவே 142 புள்ளி. இரவுச் சாப்பாடு முடிந்ததும் என் வீட்டுக்காரர் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, "நீ பிரெஞ்ச் எழுதித்தான் ஆகணும், வேற பேச்சே இல்ல" என்றார்.

கணக்கு இதுதான். ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் என்ற ஆங்கிலத் தேர்வில் என் மதிப்பெண், கனடா அளவுகோலில் நான்கு திறனிலும் 9ஆம் நிலைக்கு வருகிறது. அதோடு பிரெஞ்சில் நான்கிலும் 7ஆம் நிலை காட்டினால் இரண்டாம் மொழிக்கு 12, இருமொழிக்காரர் என்பதற்குத் தனியாக 50, ஆக 62 புள்ளி. பிரெஞ்சுப் பிரிவு டிராவிலும் பெயர் சேரும். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கில் ஒன்று 6-க்கு இறங்கினாலும் அந்த 50 போய்விடும், பிரிவும் போய்விடும். மற்ற மூன்றில் எவ்வளவு எடுத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

மார்ச் 30, ஞாயிறு

அம்மா போனில் கேட்டார்கள்: "உன்கிட்டதான் பிரெஞ்சு சர்ட்டிபிகேட் இருக்கே, திரும்ப எதுக்கு?"

காரைக்காலில் எங்கள் தெருவில் இரண்டு சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சின்ன தாத்தா வீடு அதில் ஒன்று. ப்ளஸ் டூவில் எல்லோரும் மார்க் வரும் என்று பிரெஞ்சு எடுத்தார்கள்; நான் எடுத்தது அவரோடு பேச. நர்ஸிங் முடித்த பிறகும் விடாமல் புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸில் படித்து டெல்ஃப் பி2 சான்றிதழ் வாங்கினேன். டெல்ஃபுக்குக் காலாவதி கிடையாது, ஆயுசுக்கும் செல்லும். கியூபெக் மாகாணம் தன் குடியேற்றத்துக்கு அதை ஏற்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி ஏற்பதில்லை. அங்கே டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா என்ற இரண்டு பிரெஞ்சுத் தேர்வுகள்தான், அவையும் இரண்டு வருடம் மட்டுமே செல்லும்.

ஆங்கிலத்துக்கும் இதே கதிதான். நான்கு வருட பி.எஸ்சி. நர்ஸிங்கை முழுக்க ஆங்கிலத்தில் படித்தவள் நான். லண்டனில் பிறந்து வளர்ந்தவரே விண்ணப்பித்தாலும் தேர்வு எழுதித்தான் ஆகவேண்டும் என்னும்போது என் டிகிரி எம்மாத்திரம்? இந்த ஒரு விதியில் குறை சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் ஒரே அளவு.

டிசிஎஃப் எழுதலாம் என்று முடிவு. சீட் கிடைப்பதே பெரும்பாடு. பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது.

ஏப்ரல் 12, சனி

இதை எழுதிவைக்க வேண்டும்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் தொண்ணூறு தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர் என்று அவர் மகள் சொன்னார். மறதி நோய் முற்றிய பிறகு அந்த ஆங்கிலம் போய்விட்டது; சிறுவயது பிரெஞ்சு மட்டும் மிச்சம். இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுகிறார், டயப்பர் மாற்றப் போனால் கையைப் பிடித்து இழுக்கிறார். சார்ட்டில் 'அஜிடேட்டட்' (அமைதியில்லாமல் இருக்கிறார்) என்று எழுதியிருந்தார்கள்.

இன்று காலை என் முறை. போர்வையை விலக்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். குனிந்து காதைக் கொடுத்தேன். எரியுது, ஒண்ணுக்குப் போகையில் எரியுது என்கிறார். எத்தனை நாளாக என்று பிரெஞ்சில் கேட்டேன். நாள் கணக்கு அவருக்குத் தெரியவில்லை. அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினார். பொறுப்பு நர்ஸிடம் சொன்னேன். சிறுநீர் சாம்பிள் போனது, சாயங்காலத்துக்குள் டாக்டர் மருந்து எழுதிவிட்டார்.

எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் பிரெஞ்சு மொழிச் சேவைச் சட்டம் வந்தது 1986-இல். ஒட்டாவா அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பகுதி. இருந்தும் ஒரு வயதானவர் எரியுது என்று சொன்னதைப் புரிந்துகொள்ள அந்த ஷிப்டில் ஆள் இல்லாமல் போயிற்று. நர்ஸுக்கு மொழித் தேர்வு தேவையா என்று யாராவது என்னிடம் கேட்டால், கட்டாயம் தேவை என்றுதான் சொல்வேன். என் கோபமெல்லாம் தேர்வின் மேல் இல்லை. இந்த நாட்டில் ஓர் அலுவலகம் வைத்த தேர்வை அடுத்த அலுவலகம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அதன் மேல்தான்.

மே 4, ஞாயிறு

மேல்மாடி அக்கா மட்டக்களப்புக்காரர். மாண்ட்ரியலில் இருபது வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அவர் மகள் அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பிள்ளை. "தங்கச்சி, நீங்க ஏன் காசு குடுத்துப் படிக்கிறீங்க? ஞாயிற்றுக்கிழமையில இவளோட கதையுங்க" என்று அவளைக் கையோடு கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டார்.

டிசிஎஃப் பேச்சுத் தேர்வு 12 நிமிடம், மூன்று பகுதி. முதலாவது அறிமுகம். மூன்றாவது ஒரு கருத்தை எடுத்து வாதிடுவது, யோசிக்க நேரமே கிடையாது. எனக்கு உதைப்பது இரண்டாவது. தேர்வாளர் பக்கத்து வீட்டுக்காரராகவோ கடைக்காரராகவோ இருப்பார், நாம்தான் கேள்வி கேட்டுத் தகவல் வாங்கவேண்டும். தயார் செய்ய இரண்டு நிமிடம், பேச மூன்றரை நிமிடம். நம் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்லத்தான் பழக்கினார்கள். கேட்ட கேள்விக்குப் பக்கம் பக்கமாகச் சொல்வேன். நானே கேட்கவேண்டும் என்றால் நான்காவது கேள்வியோடு நின்றுவிடுகிறேன்.

அவள் ஒரு வழி சொன்னாள். "நோயாளி அட்மிஷனுக்கு வந்தா என்னென்ன கேட்பீங்க அக்கா? எப்ப இருந்து, எவ்வளவு, யார் கூட இருக்காங்க, முன்னாடி இப்படி ஆச்சா? அதையே வீட்டு வாடகைக்குக் கேளுங்க." அதற்குப் பிறகு பத்துக் கேள்வி தடையில்லாமல் வந்தது. இரண்டு மாதமாக யூடியூபில் பார்த்த எந்த வகுப்பிலும் இப்படி ஒரு யோசனை கிடைக்கவில்லை.

அவள் பேச்சு கியூபெக் பேச்சு. தேர்வு ஒலிப்பதிவில் வருவது பெரும்பாலும் பாரிஸ் பேச்சு. இல்லத்தில் கேட்பது கிழக்கு ஒன்டாரியோ பேச்சு. மூன்றும் காதில் விழட்டும்.

மே 25, ஞாயிறு

அக்கா வீட்டில் அவருடைய அண்ணன் மருமகள் வந்திருந்தார். பேராதனையில் படித்த பல் மருத்துவர், இப்போது மாண்ட்ரியலில். அங்கே கதை வேறு. 1977-இன் பிரெஞ்சு மொழி சாசனப்படி, தொழிலுக்குத் தேவையான அளவு பிரெஞ்சு தெரியாதவருக்குத் தொழில் சங்கங்கள் நிரந்தர உரிமம் தரக்கூடாது. பிரெஞ்சு போதாது என்றால் ஒரு வருடத்துக்குத் தற்காலிக உரிமம், அதை மூன்று முறைவரை புதுப்பிக்கலாம். அதற்குள் மாகாணத்தின் பிரெஞ்சு மொழி அலுவலகம் வைக்கும் தேர்வில் தேறவேண்டும். உயர்நிலைப் பள்ளியிலோ அதற்கு மேலோ மூன்று வருடம் முழுநேரமாகப் பிரெஞ்சில் படித்தவருக்கு அந்தத் தேர்வே வேண்டாம்.

இது எனக்கு நியாயமாகப் படுகிறது. படித்ததை ஒரு சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அக்கா மகள் போன்றவர்களுக்கு அங்கே பள்ளிச் சான்றே போதும். இதே படிப்பை வைத்து எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ஒருவர் புள்ளி கேட்டால், "டிசிஎஃப் எழுதிவிட்டு வா" என்பார்கள்.

பல் டாக்டர் அக்கா ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் படிக்கிறாராம். "நோயாளியோட பேசேக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்ல, எழுதத்தான் கை நடுங்குது" என்றார்.

ஜூன் 14, சனி

எழுதிவிட்டேன்.

கேட்டல் 39 கேள்வி, 35 நிமிடம். ஒவ்வொரு பதிவும் ஒரே முறைதான் ஓடும். முதல் சில கேள்வி ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி எளிது, போகப் போக வானொலி விவாதமாக ஆகிவிடுகிறது. விட்டதை நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் போகும். எழுத்தில் மூன்று வேலை, ஒரு மணி நேரம். கடைசியில், எதிரெதிரான இரண்டு கருத்தைச் சுருக்கிவிட்டு நம் நிலைப்பாட்டைச் சொல்லவேண்டும். அதற்கு 25 நிமிடமாவது ஒதுக்கிவைக்காதவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

பேச்சுத் தேர்வாளர் நல்ல மனுஷி. கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.

ஜூலை 9, புதன்

முடிவு வந்தது. கேட்டல் 476, படித்தல் 512, எழுதுதல் 11, பேசுதல் 13. 7ஆம் நிலைக்கு வேண்டியது கேட்டலில் 458, படித்தலில் 453, மற்ற இரண்டில் 20-க்கு 10. நான்கும் தாண்டிவிட்டது! அம்மாவுக்குப் போன் போட்டேன், அங்கே விடியற்காலம். "சின்ன தாத்தா இருந்திருந்தா தெருவுக்கே மிட்டாய் குடுத்திருப்பார்" என்று அழுதார்கள்.

புரொஃபைல் போட்டாயிற்று. மதிப்பெண் 468.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று பிரெஞ்சு டிரா: 2,500 பேர், 481. மார்ச்சில் 379! மார்ச் கணக்கை நம்பி வேலையை விட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

போன வாரம் எனக்கு 35 முடிந்தது. அதற்கு 5 புள்ளி கழித்துவிட்டார்கள். இப்போது 463. அவர் எனக்குத் தெரியாமல் கேல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 4, வியாழன்

446. 4,500 பேர். அழைப்பு வந்துவிட்டது! 60 நாளுக்குள் எல்லாக் காகிதத்தையும் ஏற்றவேண்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

இன்று ஃபிராங்கோ ஒன்டாரியோக்காரர்கள் நாள். பச்சையும் வெள்ளையுமான அவர்கள் கொடி சட்பரியில் முதன்முதல் ஏறியது 1975 செப்டம்பர் 25-இல், ஐம்பது வருடம் ஆகிறது. இல்லத்தின் வரவேற்பறையிலும் ஒன்று வைத்தார்கள். என் தொண்ணூறு வயது அம்மா அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் பிரெஞ்சில் இயங்கும் மோன்ஃபோர் மருத்துவமனைக்கு முன்னால் பஸ்ஸில் வந்தேன். 1997-இல் அதை மூடச் சொன்னது மாகாண அரசு அமைத்த ஆணையம். ஜிசேல் லலோந்த் என்ற பெண்மணி முன்னின்று மார்ச் 22-இல் கூட்டம் கூட்டினார், பத்தாயிரம் பேர் திரண்டார்கள். வழக்கு ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய் 2001 டிசம்பரில் ஜெயித்தார்கள். பிரெஞ்சில் நோயைச் சொல்லிக்கொள்ளவும், பிரெஞ்சில் டாக்டர்களையும் நர்ஸ்களையும் பயிற்றவும் ஓர் இடம் வேண்டும் என்பதற்காக ஓர் ஊரே தெருவுக்கு வந்திருக்கிறது. எனக்கு வேலை பார்க்க ஆசை அங்கேதான்.

அக்டோபர் 5, ஞாயிறு

குடியேற்றக் காகிதம் ஏறிவிட்டது. இனி நர்ஸ் உரிமம்.

ஒன்டாரியோவில் அது 'காலேஜ் ஆஃப் நர்ஸஸ்' கையில். பெயர்தான் காலேஜ், பதிவு செய்கிற, ஒழுங்கு பார்க்கிற அமைப்பு. ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டில் ஏதாவது ஒன்றில் தேர்ச்சி காட்டினால் போதும். ஐஇஎல்டிஎஸ்ஸில் அகாடமிக், ஜெனரல் என்று இரண்டு வகை. குடியேற்றத்துக்கு ஜெனரல் மட்டும்தான். இரண்டிலும் கேட்டல், பேசுதல் தேர்வு ஒன்றேதான். ஜெனரலில் கடிதம் எழுதுவோம், அகாடமிக்கில் வரைபடத்தை விவரிப்போம். வேறுபாடு படித்தலிலும் எழுதுதலிலும் மட்டும். இரண்டையும் எழுதும் நர்ஸ் ஒரே பாதித் தேர்வுக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறாள். 

நான் அகாடமிக் எழுதப் போவதில்லை. செல்பேன் என்று நர்ஸ்களுக்கென்றே ஓர் ஆங்கிலத் தேர்வு இருக்கிறது, இதே அமைப்பு அதையும் ஏற்கிறது. குடியேற்றத் துறையில் செல்லாது, பரவாயில்லை, அந்த வேலை முடிந்தது. படிவம் நிரப்புவது, அறிக்கை எழுதுவது, நோயாளியோடு பேசுவது எல்லாம் அதில் உண்டு. நர்ஸின் மொழியைச் சோதிக்க வேண்டிய இடம் அதுதான் என்று ஏப்ரலில் இருந்து எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸையும் ஆங்கிலத்தில்தான் எழுதுவேன். 2015-இல் கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் அதற்கு மாறியபோதே பிரெஞ்சிலும் எழுதலாம் என்று இருந்தது. பயிற்சிப் புத்தகம்தான் பிரெஞ்சில் அரிது. நியூ பிரன்ஸ்விக்கில் மோங்க்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இதையும், மொழிபெயர்ப்பின் தரத்தையும் சொல்லி எவ்வளவோ போராடினார்கள். நாட்டின் ஒரே இருமொழி மாகாணத்திலேயே அந்த நிலை.

அக்கா மகளோடு ஞாயிறு வகுப்பை நிறுத்தவில்லை. வாதம், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் போதும் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு இருவரும் பிரெஞ்சில் ஷிப்ட் ரிப்போர்ட் கொடுத்துப் பழகினோம். அடுத்த வாரம் மருந்து ஒவ்வாமை கேட்பது எப்படி என்று பார்க்கிறோம்.