அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி என் பெயருக்கு வந்த கதை

ஈரோடு மாவட்டம் சிவகிரியில் நடந்த கொலைகளுக்குப் பிறகு எங்கள் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் துப்பாக்கிப் பேச்சுதான். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த ஒரே குடும்பத்து மூன்று பேரைக் கொன்றார்கள், 2025 ஏப்ரல் கடைசியில் சிவகிரி பக்கம் இன்னொரு தோட்டத்தில் வயதான தம்பதியைக் கொன்றார்கள். மே மாதம் ஆட்களைப் பிடித்து, இரண்டுமே இவர்கள் வேலைதான் என்று காவல் துறை சொன்னது. அதற்குள் "தோட்டத்து வீட்டுல குடியிருக்கறவங்களுக்கெல்லாம் துப்பாக்கி லைசென்ஸ் குடுத்துரணும்" என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. 1987இல் அப்பா வாங்கிய 12 போர் இரட்டைக் குழல். அப்பாவுக்கு இப்போது 76 வயது, கண்ணில் பிரஷர், ஒரு பக்கம் பார்வை மங்கல். உரிமம் முடியும் தேதியும் நெருங்கியது. அதை என் பெயருக்கு மாற்றிய அனுபவம்தான் இது. கேட்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். மாவட்டத்தின் பெயர் மட்டும் வேண்டாம்.

முதலில் சட்டம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டம், அதன் கீழே 2016 விதிகள். அந்த விதிகளில் ஒரு நல்ல வசதி இருக்கிறது: உரிமம் வைத்திருப்பவர் இறந்த பிறகுதான் வாரிசுக்கு மாற்ற வேண்டும் என்பதில்லை, அவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு ஒருவரைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம். அப்பா இரண்டு கணக்கிலும் தேறினார். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அக்காவிடம் பத்திரத்தை நீட்டினேன். "துப்பாக்கி உனக்கே இருக்கட்டும்டா, அம்மா நகையில மட்டும் கையெழுத்துக் கேட்டு வந்துராதே" என்று சொல்லிவிட்டுப் போட்டாள்.

அப்புறம் ஏ-1 விண்ணப்பம், போட்டோ, ஆதார், அப்பாவின் பழைய உரிமப் புத்தகம், பட்டா, சிட்டா, அடங்கல். இந்த நிலப் பத்திர விஷயத்தில் எனக்கு இன்னும் எரிச்சல் உண்டு. போதுமான சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 14ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் நான் போன அலுவலகத்தில் முதல் கேள்வியே "எத்தன ஏக்கரா இருக்குது?" என்பதுதான். கூலிக்குப் போகிறவர் ஒருவர் தோட்டத்து ஓரத்தில் தனியாகக் குடியிருந்தால் அவருக்குப் பயமே இருக்காதா என்ன?

விண்ணப்பம் ஆட்சியர் அலுவலகத்தில் இருந்து இரண்டு வழியாக இறங்குகிறது. ஒன்று கோட்டாட்சியர், தாசில்தார், வி.ஏ.ஓ. வழி. இன்னொன்று எஸ்.பி., டி.எஸ்.பி., இன்ஸ்பெக்டர் வழி. இறங்கின மாதிரியே இரண்டும் ஏறவும் வேண்டும். எங்கே நிற்கிறது என்று நாமேதான் துரத்திக் கேட்க வேண்டும். வி.ஏ.ஓ. அறிக்கை சீக்கிரம் போய்விட்டது, நடுவில் ஒரு மேஜையில் மாசக்கணக்கில் உட்கார்ந்துவிட்டது. அதைப் பற்றிப் புலம்பிப் பிரயோஜனமில்லை.

ஸ்டேஷன் விசாரணைதான் முக்கியமான இடம். ஏட்டய்யா தோட்டத்துக்கு வந்து பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் விசாரித்தார், வரப்புத் தகராறு ஏதாவது உண்டா, பங்காளிகளோடு கோர்ட்டு வழக்கு உண்டா என்று. சரி, அது வழக்கமானது. இன்ஸ்பெக்டர் என்னை எதிரே உட்கார வைத்து ஒரே கேள்வி கேட்டார்: "ராத்திரி நீங்க எங்க படுக்கறீங்க?"

"திருப்பூர்லங்க சார். வேலை அங்கதானுங்க. சனி ஞாயிறு தோட்டத்துக்கு வந்துருவேன்."

"அப்ப அஞ்சு நாளைக்கு இந்தத் துப்பாக்கி யார் கையில?"

பதில் வரவில்லை. உரிமம் என் பெயரில் இருந்தால் துப்பாக்கியும் என் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். நான் திருப்பூரில் இருக்கும்போது உரிமம் இல்லாத அப்பா அதை எடுத்து நீட்டினால் கேஸ் எங்கள் மேல்தான். எந்த இரண்டு பேரைக் காப்பாற்ற இதை வாங்குகிறேனோ அவர்கள் அதைத் தொடவே கூடாது. ஊரில் "எல்லாருக்கும் குடுங்க" என்று பேசுகிற யாரும் இதை யோசித்த மாதிரி தெரியவில்லை. தோட்டத்து வீடுகளில் இருப்பது முக்கால்வாசி எழுபது வயதைத் தாண்டியவர்கள், பிள்ளைகள் கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அந்த வாரமே வீட்டில் பேசி முடிவெடுத்தோம். நானும் மனைவியும் பையனும் தோட்டத்துக்கே குடி வந்துவிட்டோம், நான் தினமும் பைக்கில் போய் வருகிறேன். அம்மா இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். உரிமம் அப்போது என் பெயருக்கு வரவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது மருத்துவச் சான்று. அரசு மருத்துவமனையில் கண், காது, கை கால் எல்லாம் பார்த்து முடித்து, மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். ரெண்டு நிமிஷ வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: தூக்கம் எப்படி, குடிப்பீர்களா, கடன் எவ்வளவு, வீட்டில் யாராவது மருந்து குடித்தது உண்டா. எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் எங்கள் சித்தப்பா ஒருவர் போர்வெல் போட்ட கடனில் அப்படித்தான் போனார். சொன்னேன். "வீட்டுல துப்பாக்கின்னா எனக்குத் திருடனைப் பத்திக் கவலை இல்லைங்க, வீட்டு ஆளுங்களைப் பத்தித்தான்" என்றார். டெக்சாஸில் இருக்கும் என் மாமா பையன் இந்த விவாதத்தில் எப்போதும் அமெரிக்காவை இழுப்பான். அங்கே 2021 செப்டம்பரில் இருந்து, தகுதி உள்ள பெரியவர்கள் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம், அதனால் திருடனுக்குப் பயம் என்பான். அதே அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை என்பதை அவன் சொல்வதில்லை.

பாதுகாப்புப் பயிற்சி ஒரு ரைபிள் கிளப்பில். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் சொல்லிக் கொடுத்தார். குழலை மடக்கித் திறந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இரண்டு குழலும் காலி என்று கண்ணால் பார்ப்பது. காலி என்று தெரிந்தாலும் ஆள் பக்கம் திருப்பாமல் இருப்பது. சுடும் நேரம் வரைக்கும் விரலை விசைக்கு வெளியே வைப்பது. இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். கட்டையைத் தோளில் சரியாக அணைக்காமல் முதல் தோட்டாவைப் போட்டேன், தோள்பட்டை நீலம் பாரித்துவிட்டது.

பத்திரமாக வைப்பேன் என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டும். துப்பாக்கி ஒரு இரும்பு லாக்கரில், தோட்டா தனியாக வேறொரு பெட்டியில். உரிமம் வந்த பிறகு ஒரு ராத்திரி மெயினை அணைத்துவிட்டு, தோட்டா இல்லாமல் ஒத்திகை பார்த்தேன். கட்டிலில் இருந்து எழுந்து, சாவியைத் தேடி, லாக்கரைத் திறந்து, அடுத்த அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, இருட்டில் குழலைத் தடவி மடக்குவதற்குள், மாட்டுக் கட்டுத்தறியில் இருந்து எங்கள் பையன் நடந்தே வந்து கதவைத் தட்டிவிட்டான். அவன் வேண்டுமென்றே மெதுவாகத்தான் வந்தான்.

லாக்கர் வேண்டாம், தலைமாட்டிலேயே வைத்துக்கொள் என்று சொல்லும் ஆட்களும் உண்டு. எட்டு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் நான் அதைச் செய்ய மாட்டேன். ஆள் இல்லாத நேரத்தில் திருடன் வந்தால் நகையோடு துப்பாக்கியையும் கொண்டு போவான் என்பது வேறு.

தற்காப்புக்குச் சுட்டால் சட்டம் என்ன சொல்லும் என்று வக்கீல் மாமாவிடம் கேட்டேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. கொள்ளையடிக்க வந்தாலோ, பொழுது இறங்கிய பிறகு விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைந்தாலோ, தடுக்கும்போது எதிராளி செத்தாலும் குற்றமில்லை என்று 41ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37 சொல்கிறது. ஓடுகிறவன் முதுகில் சுட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்றார் மாமா.

பன்றிக்காவது ஆகுமா என்றால் அதுவும் இல்லை. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத் துறை ஆட்கள்தான். கேரளாவில் 2022இல் இருந்து உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவு போட்டு லைசென்ஸ் உள்ளவர்களை வைத்தே சுட வைக்கிறார்கள். இங்கே மயில் சோளத்தைக் கொத்தித் தின்றாலும் கை தட்டி விரட்டுவதோடு சரி.

கடைசியில் ஆட்சியர் உத்தரவு வந்தது, அடையாள எண்ணோடு. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 வருஷத்துக்கு, ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். முன்பு 3 வருஷம், 3 துப்பாக்கி. வாங்கும் தோட்டா ஒவ்வொன்றும் பதிவாகிறது. அப்பா வைத்திருந்த பழைய தோட்டாக்களின் பித்தளை பச்சை பூத்திருந்தது. கடைக்காரர் அதைச் சுடவே கூடாது என்றார், நானும் அவரிடமே ஒப்படைத்துவிட்டேன்.

தேர்தலை மறந்துவிடாதீர்கள். 2024இல் மார்ச் 16 அன்று தேதி அறிவித்ததும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைத்தோம், ஜூன் 4 எண்ணிக்கை முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. வங்கிக் காவலர், துப்பாக்கி சுடும் வீரர் போன்றவர்களுக்கு விலக்குக் கிடைக்கும், நமக்குச் சிரமம். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஆனாலும் ஏறக்குறைய இரண்டரை மாசம் ஊரில் லைசென்ஸ் உள்ள வீடும் இல்லாத வீடும் ஒன்றுதான்.

என்னைக் கேட்டால், தோட்டத்து வீடுகளுக்கு வாரி வழங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. ராத்திரி ரோந்தும், களத்தில் ஒரு நல்ல லைட்டும், குரைக்கிற நாய் இரண்டும் போதும் என்று சொல்லவில்லை, ஆனால் நாம் தூங்கும்போதும் அவை வேலை செய்கின்றன. சிவகிரியில் நாள் கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்தார்கள் என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. எங்கள் வரிசையில் ஏழெட்டுத் தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசிவிட்டுப் படுப்பது என்று வைத்திருக்கிறோம். யாராவது எடுக்காவிட்டால் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து இரண்டு பேர் போய்ப் பார்க்கிறார்கள்.

ஏற்கெனவே வீட்டில் துப்பாக்கி இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. பெரியவர் 70ஐத் தாண்டியிருந்தால் அவர் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். அவர் இறந்துவிட்டால் அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசுச் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் விண்ணப்பமே போட முடியும்.