சரிவுக்குச் சேரும் சொல்

இன்று ஒரு மாணவி செங்குத்தான சரிவை ஆங்கிலத்தில் 'ஹார்ட் ஸ்லோப்' என்று எழுதியிருந்தாள். ஏறக் கஷ்டம், அதனால் அப்படி எழுதினாளாம். யோசனை சரிதான், ஆனால் ஆங்கிலத்தில் அது 'ஸ்டீப் ஸ்லோப்'. மூச்சு வாங்காமல் ஏறலாம் என்றால் 'ஜென்டில் ஸ்லோப்', நம் மென்சரிவு. சுவர் மாதிரி நிற்கும் பாறைக்கு 'ஷியர் கிளிஃப்'.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ரோலிங் ஹில்ஸ்'. தெற்கு இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் போல, அலை அலையாக ஏறி இறங்கும் பசும்புல் குன்றுகள். 'உருளும் குன்றுகள்' என்று தமிழில் எழுதினால் அந்தக் காட்சியே போய்விடும். பனிச்சறுக்கு புதிதாகப் பழகுபவர்களுக்கான சரிவை பிரிட்டனில் 'நர்சரி ஸ்லோப்' என்பார்கள். எவ்வளவு அன்பான பெயர்!

அவள் 'ஹார்ட்'டை அடித்துவிட்டு 'ஸ்டீப்' என்று எழுதினாள். பக்கத்திலேயே செங்குத்தாக ஒரு மலையும் வரைந்துகொண்டாள்.