மணலிக்கு மேல் எவ்வளவு ஓசோன்? ப்ராஜெக்ட் முடித்த அனுபவம்

செயற்கைக்கோள் தரவை வைத்து ஓசோன் ப்ராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் எடுத்தது வடசென்னையில் ரிஃபைனரி இருக்கிற மணலி. கணக்கு கஷ்டமில்லை. அலைய விட்டதுதான் இன்னும் ஆறவில்லை.

சென்டினல்-5பி என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளில் உள்ள ட்ரோபோமி கருவியின் தரவுக்கு, அவர்களின் கோப்பர்நிகஸ் தளத்தில் இலவசக் கணக்கு போதும். அது உடனே முடிந்தது. தரையில் அளந்த ஓசோனையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னார் கைடு. மணலி நிலையத்தின் அளவீடு கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "ஹெச்ஓடி லெட்டர் இல்லாம எப்படிம்மா குடுக்கறது?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். லெட்டரோடு போனால் கல்லூரி சீல் இல்லையாம். சீலோடு போன அன்று அவர் லீவு. பக்கத்து மேஜை அக்காதான், "மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வெப்சைட்லயே இருக்கேம்மா, டவுன்லோட் பண்ணிக்கோ" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். தண்டையார்பேட்டைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அழுகையே வந்துவிட்டது. நீங்கள் நேராக வெப்சைட்டுக்கே போங்கள்.

அப்புறம், செயற்கைக்கோள் தரவுக் கோப்புகள். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான எம்பி. தவறானதை இறக்கினால் அன்றைய டேட்டா காலி. செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை வாக்கில். கோப்பின் பெயரில் இருப்பதோ யுடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னே உள்ள உலகப் பொது நேரம். ஆகவே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் காலை எட்டு மணி விழுகிற கோப்பை எடுங்கள்.

திறந்தால் 0.12 மாதிரி ஒரு எண் நிற்கும். பயப்படாதீர்கள், அது தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரை உள்ள மொத்த ஓசோன், சதுர மீட்டருக்கு எத்தனை மோல் என்ற கணக்கு. 2241-ஆல் பெருக்கினால் 269 டாப்சன் அலகு (மொத்த ஓசோனை வழக்கமாகச் சொல்லும் அலகு). வெப்பமண்டலத்துக்குச் சரியான அளவுதான். இது 325 முதல் 335 நானோமீட்டர் வரையிலான புற ஊதா ஒளியை ஓசோன் எவ்வளவு உறிஞ்சியது என்பதிலிருந்து வருவது. மேகம் இருந்தால் அதற்குக் கீழே உள்ள ஓசோன் கருவிக்குத் தெரியாது. மென்பொருள் உத்தேசமாக நிரப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத் தரவில் மேக அளவையும் பார்க்காமல் வரைபடம் போடாதீர்கள். ஒவ்வொரு பிக்சலையும் எவ்வளவு நம்பலாம் என்று கோப்பிலேயே 0 முதல் 1 வரை ஒரு தர மதிப்பு இருக்கும்; அது 0.5-க்கு மேல் உள்ள பிக்சல்கள் மட்டும் போதும்.

வைவாவில் எதிர்பார்த்த கேள்வியே வந்தது: "ரிஃபைனரி பக்கம் ஓசோன் கூடியிருக்கா?" இந்த எண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது சார், இதில் சுமார் 90 சதவீதம் ரொம்ப உயரத்தில், ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற அடுக்கில் இருப்பது, தரை அளவீடு தனி வரைபடம் என்று காட்டினேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார். அலைந்ததெல்லாம் அப்போதுதான் கொஞ்சம் மறந்தது. ஆலைப் புகையைத் தேடுகிறவர்கள் அதே கருவியின் நைட்ரஜன் டை ஆக்சைடு கோப்பை எடுங்கள். அதற்குத் தர மதிப்பு 0.75-க்கு மேல் இருக்க வேண்டும்.