செவலையின் மூன்றாவது குட்டி

ஜூன் 9, ஞாயிறு

அப்பாயி காலையிலிருந்து விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறார். தைப்பொங்கலன்று எங்கள் ஆடு செவலையைக் கீழ் லயத்து, அதாவது தோட்டத்துக் கீழ் வரிசை வீடுகளின், கிடாயிடம் விட்டோம். ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கலண்டரில் எண்ணிப் பார்த்தால் 13ஆம் திகதி வருகிறது. விரலில் எண்ணியவரும் “பொசன் போயாவுக்கு ஒரு கிழம முந்தி” என்று, அதாவது ஜூன் பௌர்ணமிக்கு ஒரு கிழமை முன்னால் என்று, அங்கேதான் வந்து நின்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

மழை விடவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கும் பொகவந்தலாவைப் பக்கம் ஜூன் என்றால் இப்படித்தான். பட்டிக் கூரைக்குத் தறப்பாள் கட்டினோம்.

ஜூன் 13, வியாழன்

விடியற்காலை மூன்று மணிக்கு ஈன்றது. இரண்டுதான் எதிர்பார்த்தோம், மூன்று வந்தது. முதல் இரண்டும் அரை மணி நேரத்துக்குள் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து மடியைத் தேடிப்போய்விட்டன. மூன்றாவது கிடா. எழும்பவேயில்லை. வாய்க்குள் விரல் வைத்தேன், ஜில்லென்று இருந்தது. ஆட்டின் உடம்புச் சூடு சாதாரணமாகவே நம்முடையதைவிடக் கூட, 39 பாகைக்குக் கிட்ட. வாய் குளிர்ந்துவிட்டால் குட்டி தேறுவது கஷ்டம்.

அப்பாயி சீம்பால் கறந்து தந்தார். குட்டியை அடுப்படிக்குத் தூக்கி வந்தேன். அதோடு விட்டிருக்கலாம். வெந்நீரும் சோப்பும் போட்டுக் குளிப்பாட்டி, துவாயால் துடைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆக்கிவிட்டேன். ஆறு மணிக்குக் கொண்டுபோய் விட்டால், செவலை ஒருமுறை மோந்து பார்த்தது, முட்டித் தள்ளியது. இன்னொரு முறை விட்டேன். இன்னும் பலமாக முட்டியது.

தாய் ஆடு குட்டியை நக்கும்போதுதான் அதன் வாசத்தைப் படித்துக்கொள்கிறது. ஈன்ற முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் அதற்குக் காலம். அந்த நேரம் முழுவதும் குட்டி என் மடியில் இருந்தது, வாசத்தையோ நான் சோப்பால் கழுவிவிட்டேன். அப்பாயி திட்டவில்லை. நஞ்சுக்கொடியை எடுத்துக் குட்டிமேல் பூசிப் பார்க்கலாம் என்று தேடினார். அதையும் நான் புதைத்தாயிற்று. அப்போதுதான் திட்டினார்.

ஜூன் 14, வெள்ளி

கடையில் பால்போத்தல் வாங்கினேன். யாருக்கு என்று கடைக்கார அக்கா கேட்டார். “எங்க வீட்டுப் பொடியனுக்கு” என்றேன். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

நேற்றுச் சீம்பால் கொடுத்ததை மிருக வைத்தியரிடம் போனில் சொன்னபோது, அதுதான் காப்பாற்றியிருக்கிறது என்றார். மனிதப் பிள்ளைக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு வயிற்றிலேயே வந்துவிடும். ஆட்டுக்குட்டிக்கு அப்படி இல்லை, எல்லாம் சீம்பால் வழியாகத்தான். அதுவும் முதல் நாள் மட்டும்தான் குடல் அதை அப்படியே இரத்தத்துக்குள் விடும். மணிக்கு மணி அந்தக் கதவு சாத்திக்கொண்டே வரும். பொடியன் 1.4 கிலோ. எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 140 மில்லிலீட்டராவது, முதல் நாளில் உள்ளே போகவேண்டுமாம். போயிருந்தது.

பிறந்தபோது குளம்பின் அடியில் வெள்ளையாக, ரப்பர் விரல்கள் மாதிரி மெத்தென்று தொங்கியது. ஏதோ ஊனம் என்று பயந்தேன். தாயின் கருப்பையைக் குளம்பு கிழிக்காமல் இருக்க இயற்கை போட்டுவிட்ட செருப்பு அது. இன்று பார்த்தால் காய்ந்து தேய ஆரம்பித்துவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

அப்பாயிக்கும் எனக்கும் சண்டை. அவர் பொடியனைக் கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்கவைத்துப் போத்தலைக் கொடுக்கிறார். அப்படிக் கொடுத்தால் நுரையீரலுக்குள் பால் போய்விடும். குட்டி நின்றபடி, கழுத்தை நீட்டி, மேலே பார்த்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது தொண்டைக்குக் கீழே ஒரு மடிப்பு சுருண்டு குழாய் மாதிரி ஆகி, பாலை நேராக நாலாவது வயிற்றுக்குக் கொண்டுபோகும். புல்லை ஊறவைக்கும் பெரிய வயிறு இப்போதைக்குச் சும்மாதான் கிடக்கிறது. இலை கடிக்க ஆரம்பித்த பிறகுதான் அது வளரும்.

இதை விளக்கினால், “பாபத் கழுவுன கைக்கே வயித்துக் கணக்கு சொல்றியா?” என்றார். பாபத் என்றால் கறிக்கு எடுக்கும் ஆட்டு வயிறு. துவாய் மாதிரி ஒன்று, தேன்கூடு மாதிரி ஒன்று, புத்தகம் மாதிரி ஒன்று, வழவழவென்று ஒன்று என்று அவரே அடுக்கினார். என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் இப்போது குட்டியை நிற்கவைத்துத்தான் கொடுக்கிறார். பேச்சை எடுக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

இந்த ஒரு கிழமையாகக் கவனித்தேன். முதல் நாட்களில் மற்ற இரண்டையும் பட்டி மூலையில் படுக்கவிட்டுச் செவலை மேயப்போய்விடும். அவை சத்தமே போடாது. ஒளிந்து கிடப்பதுதான் அந்த வயதில் பாதுகாப்பு. தாய் வந்து கூப்பிட்டால்தான் எழும்பும். “புள்ள மடுவத்துல விட்டுட்டு மலைக்குப் போறா” என்பார் அப்பாயி. பிள்ளை மடுவம் என்றால் தோட்டத்துக் குழந்தைக் காப்பகம். கொழுந்தெடுக்கப் போன காலத்தில் அவரும் அப்பாவை அங்கேதான் விட்டுப்போயிருக்கிறார்.

இப்போது ஒளிவதெல்லாம் போய்விட்டது. மூன்றும் தேயிலை உரச்சாக்கின் மேல் ஏறிக் குதிக்கின்றன. நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விடும், நடுவானில் உடம்பு ஒரு முறுக்கு முறுக்கும்.

லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2012இல் எழுதிய ஒன்றை வாசித்தேன். ஒரே கூட்டத்தில் வளரும் குட்டிகளின் குரல், நாளாக ஆக ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதாம். ஆட்டுக்கும் ஊர்ப்பேச்சு உண்டு! கொழும்பு பஸ்ஸில் நான் இரண்டு வார்த்தை பேசினால் போதும், “தோட்டமா?” என்று கேட்டுவிடுவார்கள். எங்கள் அடுப்படியில் வளர்ந்த பொடியன் எந்தப் பேச்சைப் பிடிப்பான் என்று தெரியவில்லை. இரவில் குசினிக் கதவைப் பார்த்துத்தான் கத்துகிறான்.

ஜூன் 30, ஞாயிறு

கல்யாண முருங்கைக் கிளை கட்டிவிட்டோம். மற்ற இரண்டும் கொறிக்க, பொடியனும் பார்த்துக் கொறித்தான். ஆட்டின் கண்மணி குறுக்குக் கோடு மாதிரி இருக்கும். குனிந்தால்கூட அந்தக் கோடு சாய்வதில்லை, கண்ணே சுழன்று தரைக்குச் சமமாக நிற்கிறது. இந்தச் சரிவில் எனக்கு வாய்த்திருக்க வேண்டிய கண்.

மாலை பால் காய்ச்சி எடுத்துப்போனால் ஆள் போத்தலுக்கு வரவில்லை. தேடினேன். செவலை இரண்டு பக்கமும் இரண்டு குட்டிக்குப் பால் விட்டுக்கொண்டிருந்தது. பால் குடிக்கும் குட்டியின் வாலடியை மோந்து பார்த்துத்தான் தாய் தன்னுடையது என்று உறுதி செய்யும். இடமும் வலமும் அது மோந்துகொண்டிருக்க, ஒரு குட்டி காம்பை விட்ட நேரம் பார்த்து, பொடியன் பின்னங்கால்களுக்கு நடுவே பின்பக்கமாகத் தலையை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

அப்பாயி என் கையைப் பிடித்து நிறுத்தினார். “சத்தம் போடாத பாப்பா.”

இருவரும் மழையில் நனைந்தபடி நின்றோம். போத்தல் பால் ஆறிப்போயிற்று.