உப்புப் பூத்த வலை

முதல் லோடு திரும்பி வந்த அன்று ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி, திருநெல்வேலிப் பக்கத்துச் சிமென்ட் ஆலை ஒன்றுக்குப் போன லாரி. கிடங்கில் சலித்துப் பிரித்து பேலாக, அதாவது பொதியாகக் கட்டிய பிளாஸ்டிக், துணி, ரப்பர்க் கலவை. எங்கள் பேச்சில் 'ஆர்டிஎஃப்', அதாவது குப்பையிலிருந்து பிரித்தெடுத்த எரிபொருள். ஆலை வாசலில் ஈரம் பார்த்து அப்படியே திருப்பிவிட்டார்கள். டிரைவர் அண்ணன் இறங்கியதுமே கேட்டார்: "சாரே, குப்பையக் கொண்டுபோயி குப்பையாவே கொண்டு வந்தாச்சு. டீசல் காசு யாரு தருவா?"

மாதிரி எடுத்து, சோதித்து, கையெழுத்துப் போடுவதுதான் அப்போது என் வேலை. அந்தக் கேள்விக்கு என் படிவத்தில் இடமில்லை.

2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளைப் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தேன். மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும் கழிவைப் புதைக்கக் கூடாது. ஆர்டிஎஃப் நிலையத்துக்கு 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் எரிபொருள் பயன்படுத்தும் ஆலைகள் தங்கள் எரிபொருள் தேவையில் குறைந்தது 5 சதவீதத்தை இதைக் கொண்டு ஈடுகட்ட வேண்டும். அப்படித்தான் அந்த விதிகள் சொல்லின. படிக்க நன்றாகத்தான் இருந்தது. சிமென்ட் சூளையும் சும்மா இல்லை. உள்ளே போகும் கல் 1450 டிகிரி வரை சூடாகும். எரிந்த சாம்பலும், சிமென்ட்டாக அரைக்கும் கட்டியான கிளிங்கரிலேயே சேர்ந்துவிடும், தனியாக அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. அமில வாயுவைச் சுண்ணாம்பே பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த விதிகளை எழுதியவர்கள் எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழையும் ஐப்பசி மழையும் மாறி மாறி நனைக்கும் எங்கள் ஊர்க் கிடங்கை மனதில் வைத்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

நாங்கள் பார்த்த ஒப்பந்தத்தில் கூலி எடைக்கு. வெளியே போகும் ஒவ்வொரு டன்னுக்கும் காசு. 30 சதவீத ஈரம் என்றால் ஒரு டன்னில் 300 கிலோ தண்ணீர். அதற்கும் கூலி, அதற்கும் லாரி வாடகை. பேலுக்குத் தார்ப்பாய் போட யாருக்கு அவசரம் வரும்? புகைபோக்கியில் எத்தனை கருவி மாட்டினாலும், எடை மேடையில் நடக்கும் இந்தக் கணக்கை அது காட்டாது. கூலியை எடைக்குத் தராமல் உலர்ந்த எடைக்குத் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் அது நடந்தது. தார்ப்பாய் மறுவாரமே வந்தது.

ஈரம் சரியானதும் குளோரின் தலைதூக்கியது. மூன்றாம் தர ஆர்டிஎஃப்புக்கு 1 சதவீதத்துக்குள், முதல் தரத்துக்கு 0.5-க்குள் இருக்க வேண்டும். எங்கள் மாதிரி திடீர் திடீரென்று எகிறியது. ஃபிளெக்ஸ் போர்டுதான் என்று முடிவு கட்டினேன். அது பிவிசி என்னும் குளோரின் சேர்ந்த பிளாஸ்டிக். தேர்தல், கோயில் கொடை, கல்யாணம் எல்லாம் முடிந்ததும் கிடங்குக்குத்தான் வரும். ஃபிளெக்ஸைத் தனியே எடுத்தோம். கொஞ்சம் இறங்கியது, நிற்கவில்லை.

பெல்ட்டில் குப்பை பிரிக்கும் அக்கா ஒருவர்தான் ஒரு நாள் கையுறையை நீட்டிக் காட்டினார். வெள்ளை வெள்ளையாய்ப் பொடி. "இந்த வலையெல்லாம் கடல்ல கிடந்தது சாரே. காஞ்சா உப்புப் பூக்கும். பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன், குளச்சலில் கரையேறிய எல்லா வலையிலும். யோசித்ததில்லை. பிவிசியில் குளோரின் சுமார் 57 சதவீதம். சாப்பாட்டு உப்பில் சுமார் 61. படித்த எனக்கு அது ரசாயனம், அந்த அக்காவுக்கு அன்றாடம். சூளையின் சூடான பகுதியில் அந்த உப்பு ஆவியாகி மேலே ஏறும். சூளைக்குப் போகும் பொடியை முன்கூட்டியே சூடாக்கும் ப்ரீஹீட்டரில் சூடு குறைந்ததும் சுவரில் ஒட்டும், தூசியையும் சேர்த்துக்கொண்டு அங்குள்ள சைக்ளோன் என்னும் கூம்புக் கலனை அடைக்கும். ஒருமுறை அடைத்தால் சூளையையே நிறுத்தி இடித்தெடுக்க வேண்டிவரும். ஆலைக்காரர்கள் முகத்தைச் சுளிப்பதன் காரணம் அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

வலையையும் வடக்கயிற்றையும் தனியே குவிக்கச் சொன்னோம். நல்ல நைலானைப் பழைய சாமான் வியாபாரி எடுத்துக்கொண்டார். மிச்சத்தை மழையில் போட்டால் உப்புப் போகும், ஆனால் ஈரமாகும்; வெயிலில் போட்டால் காயும், உப்பு நிற்கும். கழுவிய தண்ணீரை எங்கே விடுவது என்று அடுத்த பஞ்சாயத்து.

மாத அறிக்கையில் அந்தக் குவியலை எழுத ஒரு கட்டமும் இல்லை. நான் மாறுதலாகும் வரை 'இதர' என்பதில்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.