பத்மினிக்கு அலாய் வீல்: கொட்டகைக் குறிப்புகள்

ஜூன் 4

ஐயா வாங்கிய 1986 பிரீமியர் பத்மினி காருக்கு (ஃபியட்டின் வடிவமைப்பு) அலாய் வீல் போடுவதென்று முடிவாகிவிட்டது. அப்பச்சிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. பழைய டிஸ்க் (இரும்பு ரிம்) நாலிலும் விளிம்பு துருவேறிக் காற்று நிற்கவில்லை என்று காட்டிய பிறகுதான் "என்னமோ செய்" என்றார்கள்.

காரைக்குடியில் விசாரித்த ஒரு கடையில் ஸ்விஃப்ட் அலாய் இருந்தது. "14 இஞ்ச், நாலு போல்ட், வேற என்ன வேணும் தம்பி?" என்றார் கடைக்காரர். ஸ்விஃப்டின் பி.சி.டி., அதாவது போல்ட் துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம், 100 மி.மீ., நம் வண்டிக்கு ஃபியட் வழக்கப்படி 98. இந்த 2 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது, போல்ட்டும் உள்ளே போகும், ஆனால் அதன் சரிவு முகம் குழியில் நேராக உட்காராமல் ஓட ஓடத் தளரும். "இழுத்து முடுக்கினா உட்கார்ந்துரும்" என்றார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 7

மதுரையில் 98 பி.சி.டி.யில் இரண்டு செட் இருப்பதாகத் தகவல். இரண்டுமே 5.5J, 14 அங்குலம். ஒன்றின் ஆஃப்செட் (ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் அச்சு முனையில், உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பது) ET25, இன்னொன்று ET45. பார்க்க ET45தான் அழகு, விலையும் குறைவு.

ஆனால் வண்டிக்குள் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதைச் சொல்வது பேக்ஸ்பேஸ். ரிம்மைக் குப்புறப் போட்டு, உள்பக்க விளிம்பின் மேல் ஒரு நேரான சட்டத்தை வைத்து, அங்கிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை ஸ்கேலை இறக்கினால் அதுதான் அளவு. ரிம் கையில் இல்லையென்றால் கணக்குப் போடலாம். 5.5 அங்குலம் என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம் மட்டும்தான், விளிம்புகளையும் சேர்த்தால் சுமார் 6.5. அதில் பாதி 3.25, ET25 என்றால் 25 மி.மீ., அதாவது சுமார் ஒரு அங்குலம் அதோடு சேரும், ஆக 4.25. ET45 என்றால் 5 வந்துவிடும்.

ஜூன் 8

நாள் முழுக்கக் கார் கொட்டகையில்தான். தரை சமமாக இருந்தால்தான் அளவு நிற்கும், நல்லவேளையாக எங்கள் கொட்டகையில் கல் பாவியிருக்கிறது. பக்கத்து வீட்டில் காரை பூச வந்திருந்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டு கேட்டு வாங்கி, பின் மட்கார்டு விளிம்பிலிருந்து தொங்கவிட்டேன். நூலுக்கும் டயருக்கும் இடையே 35 மி.மீ., உள்ளே டயருக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் 32. பழைய டிஸ்க்கின் பேக்ஸ்பேஸ் 4 அங்குலம். அப்படியென்றால் ET25 கால் அங்குலம்தான் உள்ளே போகும். ET45 போட்டால் ஒரு அங்குலம், அதாவது 25 மி.மீ. போய்விடும். மிச்சம் 7. புது டயரின் அகலமும் அதைத்தான் தின்னும், பின்னால் லைவ் ஆக்ஸில் வேறு, ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது மொத்த அச்சும் சாயும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தகட்டைப் போட்டு வெளியே தள்ளலாம் என்பார்கள். அதற்கேற்ற நீளமான போல்ட் தேடுவதற்குப் பதிலாகச் சரியான ரிம்மையே வாங்கிவிடலாம்.

ஜூன் 14

ET25 வந்துவிட்டது. 165/70 டயர், விட்டம் சுமார் 587 மி.மீ.

முதலில் ஒரு பக்கம் மட்டும் மாட்டி, மட்கார்டின் உட்புறத்தில் களிமண் உருண்டைகளை ஒட்டினேன். டிக்கியில் சிமென்ட் மூட்டை, பின்சீட்டில் தடித்த சொந்தக்காரர்கள் மூன்று பேர் (காபி உண்டு என்று சொல்லித்தான் ஏற்றினேன்), தெருமுனை வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினோம். வந்து பார்த்தால் பின்பக்க உருண்டைகள் முழுசாக இருந்தன. முன்னால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது ஒன்றில் மட்டும் டயரின் வரி லேசாகப் பதிந்திருந்தது, மண்ணைக் கிள்ளி அளந்தால் இன்னும் 9 மி.மீ. கனம். போதும்.

ஜூன் 15

நாலும் மாட்டியாயிற்று. ரிம்மின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிது, லேத்தில் அலுமினிய வளையம் கடைந்து போட்டோம். அலாயில் போல்ட் உட்காரும் இடம் தடிமன் என்பதால் போல்ட்டும் நீளமானதாக வாங்க வேண்டியிருந்தது. 12 மி.மீ. போல்ட் என்றால் குறைந்தது 12 மி.மீ.யாவது மரைக்குள் ஏற வேண்டும் என்று மெக்கானிக் அண்ணன் ஒவ்வொன்றாக விரலாலேயே சுற்றிப் பார்த்தார்.

ஜூன் 18

கானாடுகாத்தான் வரை போய் வந்தேன். எங்கும் உரசல் இல்லை. நிற்கும்போது ஸ்டியரிங் கொஞ்சம் கனம், ஓடும்போது தெரியவில்லை. ஓட்டிய பிறகு திரும்ப முடுக்கியதில் ஒரு போல்ட் கால் சுற்று எடுத்தது.

ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு டிஸ்க்தான். அதற்குப் புது போல்ட் ஆகாது, நீளம் மிஞ்சி உள்ளே டிரம் பக்கம் இடிக்கும். பழைய போல்ட் நாலையும் துணியில் சுற்றி ஜாக்கிப் பையிலேயே போட்டிருக்கிறேன், அப்பச்சியிடமும் சொல்லியாயிற்று.