ஃப்ளேர் புகையில் கந்தகம் எவ்வளவு? கருவியை விடக் காற்றுதான் படுத்தும்

காரைக்குடி வட்டாரத்தில் ஃப்ளேர் கிடையாது. எண்ணெய்க் கிணறு, சுத்திகரிப்பு ஆலை பக்கம் போனால்தான் வேண்டாத வாயுவை எரித்துத் தள்ளும், உச்சியில் தீ கொழுந்துவிடும் அந்தக் குழாயைப் பார்க்கலாம். ஆனால் அளக்கப் பழகுவதற்கு நிலக்கரி போடும் செங்கல் காளவாசல் ஒன்று போதும். கந்தகப் புகையும் இருக்கும், பக்கத்துக் கண்மாய்க் கரையில் மறைப்பில்லாத வானமும் கிடைக்கும்.

கந்தகம் எரிந்து வரும் சல்ஃபர் டை ஆக்சைடு 300 முதல் 325 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா ஒளியைச் சீப்புப் பல் மாதிரி விட்டு விட்டு விழுங்கும். புகை வழியாக வரும் வானொளியைச் சுத்தமான வானத்தின் ஒளியால் வகுத்து மடக்கை எடுத்தால் அந்தப் பல்வரிசை தெரியும். குவார்ட்ஸ் லென்ஸ், ஃபைபர், 0.6 நானோமீட்டர் பிரிதிறனுள்ள சின்ன ஸ்பெக்ட்ரோமீட்டர் (ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்து அளக்கும் பெட்டி), ஜிபிஎஸ், மடிக்கணினி. இவ்வளவுதான் சாமான்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் ஃபில்டரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். 310-க்குக் கீழே சூரிய ஒளியை ஓசோன் தின்றுவிடுவதால் சிக்னல் சொற்பம். பெட்டிக்குள் சிதறும் பச்சையும் நீலமும் அதோடு கலந்தால் கந்தகம் குறைத்துத்தான் காட்டும். கணக்கை 310–325-க்குள் வைத்துக்கொண்டு, ஓசோனையும் ரிங் விளைவையும் (காற்றில் சிதறும்போது சூரிய ஒளியின் கருங்கோடுகள் கொஞ்சம் நிரம்பிப்போவது) சேர்த்தே பொருத்த வேண்டும். பொருத்திய பிறகு மிச்சத்திலும் பல் தெரிந்தால் அலைநீளம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பாதரச விளக்கின் 302.15, 334.15 கோடுகளை வைத்துச் சரிபாருங்கள். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் இது தினப்படி நடக்கும். ஒளியே விழாதபோதும் கருவி காட்டும் இருட்டு அளவும் சூட்டோடு ஏறும். லென்ஸை மூடி, அதே எக்ஸ்போஷரில், கால் மணிக்கொரு தரம் புதிதாக எடுப்பது நல்லது.

லென்ஸை நேர் மேலே பார்க்க வைத்து, புகைக்குக் குறுக்கே வண்டியை ஓட்ட வேண்டும். சுத்த வானத்தில் தொடங்கி, புகையைக் கடந்து, சுத்த வானத்தில் முடிக்கணும். 300 மில்லிசெகண்ட் வீதம் 10 ஸ்பெக்ட்ரத்தின் சராசரி ஒரு புள்ளி. மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் சுமார் 17 மீட்டருக்கு ஒரு புள்ளி. 150 மீட்டர் புகைக்கு 9 புள்ளி தேறும். 40-ல் விரட்டினால் நாலுதான், உச்சியே தப்பிப்போகும். ரோடு சாய்வாகப் புகையை வெட்டினால், ஓடிய தூரம் முழுவதையும் எடுக்கக்கூடாது, புகைக்குச் செங்குத்தான பங்கை மட்டும் எடுக்கணும்.

கருவி தரும் அளவு பிபிஎம்-மீட்டரில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பதைப் புகையின் கனத்தால் பெருக்கியது) இருக்கும். ஒரு பிபிஎம்-மீட்டர் என்பது சதுர மீட்டருக்கு 2.66 மில்லிகிராம். சராசரி 20 பிபிஎம்-மீட்டர், அகலம் 150 மீட்டர் என்றால் குறுக்கே மீட்டருக்கு 8 கிராம். காற்று நொடிக்கு 4 மீட்டர் அடித்தால் நொடிக்கு 32 கிராம், அதாவது மணிக்கு 115 கிலோ.

அந்த 4 எங்கிருந்து வந்தது என்பதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். கருவேலம் புதருக்கு நடுவே ஆள் உயரத்தில் அளந்த வேகம் புகை உயரத்துக்குப் பொருந்தாது. மேலே வேகம் கூட. வேகத்தில் 30 சதவீதம் தப்பினால் விடையிலும் அதே 30 சதவீதம் தப்பும், ஸ்பெக்ட்ரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி. புகை போகும் திசையிலேயே இரண்டு லென்ஸ்களை வெவ்வேறு கோணத்தில் வைத்து, ஒரே ஏற்ற இறக்கம் இரண்டிலும் தெரியும் நேர இடைவெளியைப் பார்ப்பதே நம்பகமான வழி. அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று இதற்குத் தோது, திசை மாறாது. புகை மெலிந்துபோவது மட்டும்தான் குறை. மார்கழிக் காலை வேண்டவே வேண்டாம்: பனிமூட்டத்தில் சிதறிய ஒளி நடுவில் நுழைந்து அளவைக் குறைத்துவிடும்.

இன்னொன்று. சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி 10 வாக்கிலும் நம்ம ஊரில் நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல். நேர் மேலே பார்க்கும் லென்ஸ் நேராகச் சூரியனையே பார்க்கும். அந்த நாட்களில் 11-க்குள் முடித்துவிட்டு, ஒன்றரைக்கு மேல் மறுபடி ஆரம்பிக்கலாம்.

இனி ஃப்ளேருக்கே உரிய தொல்லைகள். தீக்கொழுந்து பார்வைக்குள் வரக்கூடாது; அதிலுள்ள ஓஹெச் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு) 306–309-ல் தானே ஒளிரும். கரிப்புகை அடர்ந்தால் ஒளி எந்த வழியாக வந்தது என்றே சொல்ல முடியாது, அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். எரியும் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு (கந்தகம் உள்ள வாயு) இல்லையென்றால் இந்த முறையில் ஒன்றும் தெரியாது. அப்போது கேள்வியே வேறு: வாயு முழுசாக எரிகிறதா? அதற்கு எஃப்டிஐஆர் என்னும் அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு, மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன் மூன்றிலும் உள்ள மொத்தக் கார்பனில் டை ஆக்சைடின் பங்கே எரிதிறன். கரி வராமலிருக்க நீராவியை அளவுக்கு மேல் விட்டால் தீ குளிர்ந்து, எரியாத வாயு அப்படியே மேலே போகும். கண்ணுக்குப் புகையே தெரியாது.